ஒரே ஆள் ஏன் எப்போதும் திருடனாகவே வருகிறார்?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சேலத்தில் எந்தத் தட்டுவடை செட் கடை முன்னால் நின்றாலும் ஏதாவது ஒரு சீரிஸைப் பற்றிய பேச்சு காதில் விழும். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் கேட்டது இது. கல்லூரிப் பையன் ஒருவன், கையில் தட்டுடன்: "அந்த ஆள் வந்து நின்னப்பவே தெரிஞ்சு போச்சுங்கண்ணா, கடைசில பணத்தைச் சுருட்டப்போறது அவர்தான்னு." பக்கத்தில் நின்றவர், பீட்ரூட் துருவல் வழியாமல் செட்டை வாயில் போட்டு மென்றுவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு வேற எதுவும் வராதுடா. பத்து வருஷமா அதே முழி, அதே சிரிப்பு."

பையன் சொன்னது சரி. அண்ணன் சொன்னது தப்பு. ஒரு நடிகர் ஒரே மாதிரி வேடத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கும் அவருடைய திறமைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அது நேரக் கணக்கு. யாருடைய நேரம், எதற்காக மிச்சம் பிடிக்கப்படுகிறது என்று பார்த்தால் விவகாரம் பிடிபட்டுவிடும். அந்தக் கணக்கு மிக வெளிப்படையாகத் தெரிவது கொள்ளைக் கும்பல் கதைகளில்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேப்பர் என்றால் என்ன

கொலை நடக்கிறது, போலீஸ் தேடுகிறது என்றால் அது துப்பறியும் கதை. ஒரு கும்பல் கூடித் திட்டம் போட்டு வங்கியையோ பெரிய மனிதர் ஒருவரின் பெட்டகத்தையோ காலி செய்கிறது, திருடர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறோம் என்றால் அது கேப்பர். ஹைஸ்ட் என்றும் சொல்வார்கள். ரத்தம் குறைவு, குறும்பு அதிகம்.

டிவிக்கு இது புதிதில்லை. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய 'மிஷன் இம்பாசிபிள்' தொடர் வாராவாரம் இதே வித்தையைத்தான் காட்டியது. என்ன, அந்தக் கும்பல் அரசாங்கத்துக்காக வேலை செய்தது. பிபிசியின் 'ஹஸில்' 2004இல் வந்தது, அமெரிக்காவின் 'லெவரேஜ்' 2008இல். ஸ்பெயினில் 2017இல் தொடங்கிய 'மணி ஹைஸ்ட்' பற்றி நம் பையன்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மொய் எழுதும் பெரியப்பா

ஒரே வகை வேடமே ஒரு நடிகருக்குத் திரும்பத் திரும்பத் தரப்படுவதை டைப்காஸ்ட் என்கிறார்கள். முத்திரை குத்துவது என்று நம் பத்திரிகைகள் எழுதும். இனி முத்திரை என்றே வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு சொந்தபந்தத்திலும் மொய் எழுத என்றே ஒரு பெரியப்பா இருப்பார். என்றோ ஒரு கல்யாணத்தில் எழுத வேண்டியவர் வரவில்லை. இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருந்தது, ராத்திரி பணத்தை எண்ணியபோது கணக்கு பைசா பிசகாமல் நின்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு குடும்பத்தில் காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எது நடந்தாலும் வாசலில் நோட்டும் மஞ்சள் பையும் அவர் மடியில்தான். அவர் நன்றாகப் பாடுவார், பந்தியை நடத்தத் தெரிந்தவர் என்பதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது.

இதில் யார் கெட்டவர்? யாரும் இல்லை. கல்யாண வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. மொய்க் கணக்கு உதைத்தால் மானம் போகும். தெரிந்த ஆள் ஒருவர் கண்முன்னால் இருக்கும்போது புது ஆளைச் சோதித்துப் பார்க்க அவருக்கு அன்றைக்கு நேரம் கிடையாது. பெரியப்பாவுக்கும் இதில் லாபம் உண்டு: அவரைக் கூப்பிடாமல் ஒரு விசேஷம் நடக்காது. ஒவ்வொரு முறை நன்றாக எழுதும்போதும் அடுத்த முறையும் அவரே எழுத வேண்டிவரும் என்பது மேலும் உறுதியாகிறது.

நடிகருக்கும் இதே கதிதான். ஒரு தொடருக்கு எந்த வேடத்துக்கு யார் என்று தேர்ந்தெடுத்துத் தருவதற்கென்றே காஸ்டிங் டைரக்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் முன்னால் ஐம்பது வேடங்கள், கொஞ்ச நாட்கள். 'தந்திரமான கணக்குப்பிள்ளை' என்று தாளில் இருந்தால் போன வருடம் அப்படி நடித்துப் பேர் வாங்கியவரின் முகம்தான் முதலில் வரும். அவரைப் போட்டு அது சொதப்பினால் "அவர் சரியாகத்தானே செய்வார், என்ன ஆச்சோ" என்பார்கள். காமெடி நடிகரை அதே வேடத்தில் போட்டுச் சொதப்பினால் "உனக்கு யார் இந்த யோசனை சொன்னது?" என்று கேட்பார்கள். பழி வேறுவேறு ஆளின் தலையில் விழுகிறது பாருங்கள். தெரிந்த வழியிலேயே போவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

நடிகர் மறுக்கலாமே என்று கேட்கலாம். மறுத்தால் அந்த வேடம் இன்னொருவருக்குப் போகும். அதற்குப் பதிலாக வேறு நல்ல வேடம் வீடு தேடி வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பெரிய கதாநாயகர்கள் காத்திருக்கலாம். மாதாமாதம் வாடகை கட்டுகிறவர் காத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். இமேஜ் என்பது வேறு: பெரிய நட்சத்திரம் தன் ரசிகர்களுக்காகத் தானே கட்டிக் காப்பது இமேஜ், மற்றவர்கள் ஒருவர்மேல் குத்துவது முத்திரை. குணச்சித்திர நடிகர் என்பதும் வேறு. அப்பா, வக்கீல், குடிகாரர், பூசாரி என்று மாறி மாறி வருகிறவர் அவர். டீக்கடையில் மூன்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டுவதால்தான் பாதிச் சண்டை.

இதுவரை பார்த்தது: தேர்ந்தெடுப்பவருக்கு நேரம் இல்லை, தவறினால் பழி அவர் தலையில். அதனால் முன்பு சரியாக வந்ததே மறுபடியும் வருகிறது. திறமை குறைந்ததால் யாரும் முத்திரைக்குள் மாட்டுவதில்லை. சொல்லப்போனால் ஒரு வேடத்தை மிக நன்றாகச் செய்தவர்தான் மாட்டுகிறார்.

கும்பலுக்கு ஏன் தெரிந்த முகம் வேண்டும்

இனி பார்ப்பவரின் பக்கம். நாம் ஒரு முகத்தைப் பார்க்கும்போது அவர் இதற்கு முன்பு நடித்த வேடங்களையும் சேர்த்தே பார்க்கிறோம். இயக்குநர் ஒரு வசனமும் எழுதாமல், ஒரு பிளாஷ்பேக்கும் எடுக்காமல், "இவன் நம்பத்தகாதவன்" என்ற தகவல் நமக்குள் இறங்கிவிடுகிறது. இலவசமாக வந்த தகவல் அது.

இந்த இலவசம் வேறு எந்த வகைக் கதையையும்விடக் கேப்பருக்கு அதிகம் தேவைப்படுகிறது. குடும்பக் கதையில் ஒரு மாமியாரைப் புரிந்துகொள்ள நூறு எபிசோடு இருக்கிறது. கேப்பரில் ஐந்தாறு பேரை முதல் கால் மணி நேரத்துக்குள் நம் மனதில் பதிய வைக்க வேண்டும். 'லெவரேஜ்' தொடரில் ஐந்து பேர்: திட்டம் போடுகிறவர், வேஷம் போட்டு ஏமாற்றுகிறவர், கம்ப்யூட்டர்காரர், அடிதடிக்காரர், சுவரேறித் திருடுகிறவர். எல்லாக் கேப்பர் கும்பலும் கிட்டத்தட்ட இதே அச்சுதான். இவர்கள் யார், எங்கே படித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் பெட்டகத்தை எப்போது உடைப்பது?

நம் மூளையில் அந்த நேரத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச இடமும் திட்டத்துக்கு வேண்டும். காவலர் மாறும் நேரம், எந்தக் கதவு, எந்தச் சாவி, யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டால்தான் அதில் ஒன்று பிசகும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆளைப் புரிந்துகொள்ளச் செலவாகும் கவனத்தை முத்திரை மிச்சப்படுத்தித் திட்டத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது.

சரி, தெரிந்த முகமே இல்லாவிட்டால்? 'மணி ஹைஸ்ட்' தொடரைப் பாருங்கள். ஸ்பெயினுக்கு வெளியே அந்த நடிகர்களில் பெரும்பாலோரை யாருக்கும் தெரியாது. சேலத்தில் சுத்தமாகத் தெரியாது. முத்திரை செய்திருக்க வேண்டிய வேலையை அங்கே வேறு ஏற்பாடுகள் செய்கின்றன. டோக்கியோ, பெர்லின், நைரோபி என்று ஆளுக்கு ஒரு நகரத்தின் பெயர். மறக்க முடியாத சிவப்பு உடுப்பு, ஓவியர் டாலியின் முக முகமூடி. இத்தனைக்கும் மேலே, டோக்கியோவின் குரல் பின்னணியில் வந்து ஒவ்வொருவரையும் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. நமக்குப் பழகிய முகங்களாக இருந்திருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நம் நாடகக்காரர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். பாய்ஸ் கம்பெனி நாட்களில் ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகர்களையே வகை பிரித்து வைத்திருந்தார்கள். கள்ளபார்ட் மேடைக்கு வந்தால் திருட்டு நடக்கப்போகிறது என்று கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அங்கே முத்திரை என்பது புகாராக இருக்கவில்லை, உத்தியோகமாக இருந்தது.

ஏற்காடு ரோட்டில் நடந்த கதை

ஏற்காடு போகும் பஸ் அடிவாரத்தைத் தொடும் முன்பு சாலையோரம் ஒரு பழைய வளைவைத் தாண்டிப் போகும். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். முத்திரை எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் நமக்கு வேறு வேண்டாம்.

எம்.என்.நம்பியார் என்றதும் கையைப் பிசைந்துகொண்டு முறைக்கும் வில்லன்தான் நினைவுக்கு வருவார். 1950இல் இதே ஸ்டூடியோவிலிருந்து வந்த 'மந்திரி குமாரி'யில் அவர் சூழ்ச்சிக்கார ராஜகுரு. எம்.ஜி.ஆர். கதாநாயகன், மு.கருணாநிதி வசனம். அதே 1950இல், அதே ஸ்டூடியோவிலிருந்து 'திகம்பர சாமியார்' என்று ஒரு படம் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து எடுத்தது. குற்றத்தை அம்பலப்படுத்த ஒருவர் மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போடுகிறார். கிட்டத்தட்ட நாம் பேசிக்கொண்டிருக்கும் கேப்பரின் சாயல்தான். அதன் கதாநாயகன் யார் தெரியுமா? நம்பியார். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரே வாசல்.

இரண்டையும் செய்ய முடிந்தவருக்குப் பிறகு ஏன் வில்லன் முத்திரை மட்டும் நிலைத்தது? எம்.ஜி.ஆருக்கு எதிராக நிற்க ஒரு வில்லன் படத்துக்குப் படம் தேவைப்பட்டார், நம்பியார் அதைப் பிரமாதமாகச் செய்தார். தேவை எங்கே ஓயாமல் இருக்கிறதோ அங்கே முத்திரை ஆழமாக விழும். திரைக்கு வெளியே அவர் பெரிய ஐயப்ப பக்தர், குருசாமி. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் முத்திரை ஒரு நூல் அளவும் நகரவில்லை. நாம் நடிகரின் வாழ்க்கையை வைத்து முடிவு செய்வதில்லை, திரையில் அடிக்கடி பார்த்ததை வைத்தே முடிவு செய்கிறோம்.

மாடர்ன் தியேட்டர்ஸில் மாதச் சம்பளத்துக்குக் கலைஞர்களை வைத்து வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. ஆட்கள் கையிலேயே இருக்கும் இடத்தில், வருடத்துக்குச் சில படங்கள் எடுக்கும் இடத்தில், இவரை இந்த வேடத்தில் போட்டுப் பார்ப்போமே என்று துணிய இடம் இருந்தது என்பது என் எண்ணம். வில்லன் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கும் எஸ்.ஏ.அசோகன் 'ஓராயிரம் பார்வையிலே' என்று உருகிப் பாடியதும் 1965இல் இவர்கள் எடுத்த ஒரு படத்தில்தான். அந்தப் பாட்டை முதல்முறை வீடியோவாகப் பார்க்கிற இன்றைய பிள்ளைகள் "இவரா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

ஆனால் அதே வளாகம் முத்திரை அடிக்கும் அச்சாகவும் இருந்தது. துப்பாக்கியும் தொப்பியுமாக ஜெய்சங்கரை வைத்து அடுத்தடுத்துக் குற்றப் படங்கள் வந்தன. 1970இல் 'சிஐடி சங்கர்' வந்தபோது அவர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆகியிருந்தார். அந்தச் சட்டையைக் கழற்றி, 1980இல் 'முரட்டுக் காளை'யில் ரஜினிக்கு வில்லனாக வந்து நின்றபோது தியேட்டரில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

டிவியில் முத்திரை ஏன் இன்னும் ஆழம்

சினிமா நடிகரை வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் இருட்டில் பார்க்கிறோம். சீரியல் நடிகர் தினமும் ராத்திரி, நாம் சாப்பிடும்போது எதிரில் வந்து நிற்கிறார். அதுவும் வருடக்கணக்கில், அதே பெயரில். சேனலைப் பாதியில் மாற்றி வருகிறவருக்கும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அதனால் புருவம், பொட்டு, பின்னணி இசை என்று முத்திரைமேல் முத்திரையாக அழுத்துகிறார்கள்.

'எதிர்நீச்சல்' சீரியலின் ஆதி குணசேகரனை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் நடித்த மாரிமுத்து அதற்கு முன்பே படங்கள் இயக்கியவர், சினிமாவில் பல வேடங்களில் வந்தவர். எதுவும் எடுபடவில்லை. ஊர் முழுக்க அவர் குணசேகரன்தான். 2023 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் கம்பீரமான நடிகர், கிராமத்துப் பெரிய மனிதர் வேடங்களுக்குப் பெயர்பெற்றவர். ஆனாலும் பல வீடுகளில் "குணசேகரன் மாதிரி இல்லையே" என்றுதான் பேச்சு. குணசேகரன் என்பது எழுதி உருவாக்கிய ஒரு ஆள் என்பதே மறந்துபோயிருந்தது.

வெளிநாட்டில் இதற்குப் பேர்போன உதாரணம் லெனார்ட் நிமாய். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கூர்க்காது ஸ்பாக்காக வந்தவர். 1969இல் அந்தத் தொடர் நின்றதும் அவர் சேர்ந்தது நாம் முதலில் பார்த்த 'மிஷன் இம்பாசிபிள்' கும்பலில். வாரம் ஒரு மாறுவேடம் போடும் ஆள் அவர்! முத்திரையிலிருந்து தப்ப இதைவிடத் தோதான வேடம் கிடைக்காது. இரண்டு சீசன் நடித்தார். பலன்? 1975இல் 'நான் ஸ்பாக் இல்லை' என்று தலைப்பு வைத்துப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. 1995இல் இன்னொரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு 'நான்தான் ஸ்பாக்'.

இதுவரை: முத்திரை பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது. அடிக்கடி பார்த்தால் ஆழமாகும், நடிகர் மறுத்தாலும் போகாது.

முத்திரையை வைத்தே ஏமாற்றுவது

இங்கேதான் கேப்பர் மற்ற கதைகளைவிடக் கெட்டிக்காரத்தனமாகிறது. இந்த வகைக் கதையில் ஏமாறுவது வங்கி மட்டும் இல்லை, பார்க்கிறவரும்தான். திட்டம் முழுவதையும் நமக்கு முன்கூட்டியே விளக்கினால் அது நிச்சயம் பிசகும். பிசகாவிட்டால் அதே காட்சியை இரண்டு தரம் பார்த்த மாதிரி ஆகிவிடும். விளக்காமல் மறைத்தால் பெரும்பாலும் ஜெயிக்கும், கடைசியில் "உண்மையில் நடந்தது இது" என்று பின்னோக்கிக் காட்டுவார்கள். அப்படி மறைப்பதற்கு முத்திரையைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்? நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை உடைக்க அவர்கள் ஒன்றும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லையே.

'மங்காத்தா' பார்க்காதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 2011இல் வந்த அந்தப் படத்தில் 500 கோடி ரூபாய் கிரிக்கெட் சூதாட்டப் பணத்தை அடிக்க ஒரு கும்பல். அஜித் கெட்டவர் என்பதை ஒளிக்கவே இல்லை. துரத்தும் போலீஸாக அர்ஜுன். படம் படமாக நேர்மையான காக்கிச்சட்டையாக வந்தவர், நாமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம். இருவரும் பழைய நண்பர்கள், கூட்டாளிகள் என்று கடைசியில் தெரியும்போது தியேட்டரே எழுந்தது. அந்த இடத்தில் அவ்வளவாகப் பழகாத ஒரு நடிகரைப் போட்டிருந்தால், "போலீஸும் கூட்டா இருக்கலாம்" என்று இடைவேளையிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

'ஹஸில்' இதை வேறு மாதிரி, கொஞ்சம் பாசத்தோடு செய்தது. அந்த மோசடிக் கும்பலின் வயதான ஆள் ராபர்ட் வான். 1964 முதல் 1968 வரை 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடரில் கோட்டு சூட்டில் மிடுக்கான ஒற்றராக வந்தவர். நாற்பது வருடம் கழித்து அதே மிடுக்கோடு, பணக்காரர்களிடம் பேசி வலைக்குள் இழுத்துவருகிறவராக வந்தார். ஒரு வரி அறிமுகம் தேவைப்படவில்லை. அந்தக் கிழவரை ஏன் எல்லோரும் நம்புகிறார்கள் என்று பழைய தொடரைப் பார்த்தவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தட்டுவடைக் கடையில் பார்த்த கல்லூரிப் பையன் கண்டுபிடித்த விஷயத்துக்கு இப்போது வரலாம். முதல் எபிசோடில் நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று சின்ன வேலையோடு வந்துபோனால், வங்கி மேனேஜராக ஒரு கையெழுத்து, பக்கத்து வீட்டுக்காரராக ஒரு வணக்கம், அவர்மேல் ஒரு கண் வையுங்கள். அத்தனை சம்பளம் வாங்குகிறவரை ஒரு வணக்கத்துக்காக யாரும் கூட்டிவர மாட்டார்கள். துப்பறியும் தொடர்களில் குற்றவாளியைப் பெயர்ப் பட்டியலை வைத்தே பிடித்துவிடும் பாட்டிகள் உண்டு.

இது எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இப்போதெல்லாம் சில தொடர்களில், வில்லன் முத்திரை விழுந்த நடிகர் ஒருவரைக் கூட்டிவந்து, நிஜமாகவே ஒரு டீ குடிக்க மட்டும் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் எட்டு எபிசோடும் அவரையே தேடிக்கொண்டிருப்போம். பணம் வேறு ஆளின் பையில் போய்க்கொண்டிருக்கும்.